பதினேழு வயது என்னும் குறை

கோல்ட்டருக்குப் பதினான்கு வயது நடந்தபோது ஹார்லன் ஃபோர்க்ஸ் பல்கலைக்கழகம் அவனைக் காதலிக்கத் தொடங்கியது. காதல் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு எந்த உறவிலும் ஒரு பெரிய மனிதர் வாரத்துக்கு நான்கு கடிதம் போடமாட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பிரானிகன், மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு அவன் ஊரான பிளம் க்ரீக்குக்கு வந்தார். புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அவன் அப்பா வெர்லினின் பட்டறையில், எண்ணெய்க் கறை படிந்த நாற்காலியில், வெள்ளைக் கால்சட்டையோடு உட்கார்ந்தார். வெர்லினின் மனைவி மார்லா செய்த பெர்சிமன் பழப் புட்டிங்கை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"பையனை எங்கிட்ட விட்டுடுங்க, வெர்லின். அவனுக்குன்னு ஒரு இடம் எழுதி வச்சாச்சு. நாங்க டீம் இல்ல, குடும்பம்" என்றார்.

வெர்லின் நம்பினார். வியாழக்கிழமை தருகிறேன் என்று சொன்ன இயந்திரத்தை வியாழக்கிழமை தந்துவிடுகிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர்களுக்கு அடுத்தவரும் அப்படித்தான் இருப்பார் என்று ஒரு நினைப்பு. இடையில் வேறு இரண்டு பல்கலைக்கழகங்கள் வந்து வாசலில் நின்றபோது, "மன்னிச்சுக்கங்க, வாக்குக் குடுத்தாச்சு" என்று சொல்லி, ஆளுக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அடுத்த மூன்று வருடங்கள் காதல் ஓங்கி வளர்ந்தது. கோல்ட்டரின் பிறந்தநாளுக்கு வாழ்த்து வந்தது. மார்லாவின் பிறந்தநாளுக்கு வந்தது. ராஸ்கோ என்கிற நாயின் பிறந்தநாளுக்கும், "நீ எங்கள் குடும்பம்" என்று கைபேசியில் செய்தி வந்தது. ராஸ்கோவின் பிறந்தநாள் எது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்திருந்தது.

நான்காம் வருடம், கோல்ட்டர் பள்ளியின் கடைசி வகுப்புக்குப் போகவிருந்த சமயத்தில், பிரானிகன் அழுதார். தொலைக்காட்சியில்தான். இந்தக் குடும்பத்தைப் பிரிவது எவ்வளவு கடினம் என்று ஏழு நிமிடம் விம்மிவிட்டு, இரண்டு மடங்கு சம்பளத்துக்கு ஃபுளோரிடாவில் இன்னொரு குடும்பத்துக்குப் போய்விட்டார். அன்றோடு கடிதங்கள் நின்றன.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆகஸ்டில் வெர்லின் மகனை லாரியில் ஏற்றிக்கொண்டு நேரில் கேட்கவே கிளம்பினார்.

பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக் கட்டடம் புதிதாகக் கண்ணாடியில் பளபளத்தது. 'புதுமுக வரவேற்பு' என்று பலகை மாட்டிய அறையில் பிரிண்டர் காகிதக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். பயிற்சியாளரைப் பார்க்க முடியாது, பொது மேலாளரைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். கூடைப்பந்துக்கு எதற்குப் பொது மேலாளர் என்று வெர்லின் கேட்டதற்கு, வரவேற்பறைப் பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

பொது மேலாளரின் பெயர் டிரிப் கெஸிங்கர். இதற்கு முன் பழைய படகுகளை வாங்கி விற்றவர்.

"வாங்க வெர்லின், வாங்க. பையனோட வீடியோ பாத்தேன்" என்றார், பார்க்காதவரின் குரலில். "உயரம் இருக்கு. கை நல்லா வருது. ஒரே ஒரு குறைதான்."

"என்ன குறைங்க?"

"பதினேழு வயசு."

வெர்லின் மகனைத் திரும்பிப் பார்த்தார். மறுப்பதற்கில்லை.

"அது தானா சரியாயிடும்ங்க" என்றார் தயக்கத்தோடு.

"ஆகும், ஆகும். ஆனா அது சரியாகற வரைக்கும் நான் ஏன் காத்திருக்கணும்?" டிரிப் எழுந்து நின்றுகொண்டார். ஒரு ஆள் கேட்டாலும் கூட்டத்தில் பேசுவது போலத்தான் அவருக்குப் பேச வரும். "முன்னெல்லாம் ஸ்கூல் பையனைப் புடிச்சு, சோறு போட்டு, நாலு வருஷம் வளத்து ஆளாக்கணும். பொறுமையான வேலை. எனக்குப் பொறுமை கிடையாது, எங்க நன்கொடையாளர்களுக்குச் சுத்தமா கிடையாது. இப்ப ஆட்டக்காரனுக்குச் சம்பளம் உண்டு. வருஷா வருஷம் காலேஜ் மாறிக்கலாம். மாற நினைக்கிறவன் போர்ட்டல்னு ஒரு இணையப் பட்டியல்ல பேரைப் போடுவான். ஏப்ரல்ல நான் கம்ப்யூட்டரைத் திறப்பேன், எவனோ விதைச்சு எவனோ தண்ணி ஊத்தினது விளைஞ்சு நிக்கும். பாத்து அறுத்துக்குவேன். கல்வி நிறுவனம்னா இப்படித்தான் முன்னேறணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அணி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஆடுகிறவருக்கு முன்நெற்றி ஏறியிருந்தது. ஓரத்தில் அவருடைய மனைவி இரண்டு குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"மோரிஸ். இருபத்தாறு வயசு. இது அஞ்சாவது யுனிவர்சிட்டி. ஒம்பது லட்சம் டாலர்" என்றார் டிரிப் பெருமையோடு.

"என்ன படிக்கிறார்?" என்று கேட்டான் கோல்ட்டர்.

டிரிப் யோசித்தார். "அஞ்சு ஊர்லயும் கார் எங்க நிறுத்தறதுன்னு அத்துப்படி."

"சார், எனக்குன்னு ஒரு இடம் எழுதி வச்சிருக்கறதா சொன்னாங்க."

"அது பிரானிகனோட இடம்பா. போகும்போது அவரே எடுத்துட்டுப் போயிட்டார்." டிரிப் கோல்ட்டரின் தோளில் கை வைக்க முயன்று, உயரம் எட்டாமல் முழங்கையில் வைத்தார். "நீ ஒண்ணு பண்ணு. ஏதாவது சின்ன காலேஜுக்குப் போ. ரெண்டு வருஷம் ஆடு. வளந்து வா. நானே தேடி வருவேன். நீ எங்க குடும்பம்."

திரும்பி வரும் வழி நெடுக இரண்டு பக்கமும் சோளம். பாதி தூரம் வந்ததும் கோல்ட்டர் கேட்டான்.

"அப்பா, அன்னிக்கு வாக்குக் குடுத்தது யுனிவர்சிட்டியா, பிரானிகனா?"

"தெரியலடா. உங்கம்மா புட்டிங் குடுத்தது ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

அந்தக் குளிர்காலத்தில் கோல்ட்டர் ஆடிய ஆட்டத்தைப் பிளம் க்ரீக் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆட்டத்துக்கு இருபத்தேழு புள்ளி. ஊரின் மக்கள்தொகை இரண்டாயிரம், பள்ளி அரங்கில் மூவாயிரம் இருக்கை. வெள்ளிக்கிழமைகளில் இருக்கை போதவில்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகமும் கூப்பிடவில்லை. மார்லா இணையத்தில் ஏற்றிய வீடியோவை ஒன்பது முறை பார்த்திருந்தார்கள். அதில் ஆறு முறை மார்லா. ஜனவரியில் ஒருநாள் ஹார்லன் ஃபோர்க்ஸிலிருந்து வெர்லினின் கைபேசிக்குச் செய்தி வந்தது. கோல்ட்டர் ஓடி வந்து பார்த்தான். "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், ராஸ்கோ. நீ எங்கள் குடும்பம்."

அவன் நாயின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, வாசலில் பனியை ஒதுக்கிவிட்டுப் பந்து போடப் போனான். அவனுக்குப் பணம் கூடப் பெரிதில்லை, எங்காவது ஆட ஒரு இடம் வேண்டும். அது கிடைக்காதோ என்ற பயம் அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

பிப்ரவரியில் வெர்லின் டிரிப் சொன்ன யோசனைப்படியே மகனோடு ஒரு சின்னக் கல்லூரியைத் தேடிப் போனார். செயின்ட் ஆல்டர் கல்லூரி. தொள்ளாயிரம் மாணவர்கள், ஒரே பயிற்சியாளர். ஆர்லோ ஸ்டக்கி என்று பெயர், அறுபது வயது, அணியின் சட்டைகளை அவரே துவைத்துக்கொண்டிருந்தார். அவர் அறைச் சுவர் முழுக்க இளைஞர்களின் படங்கள்.

"உங்ககிட்ட ஆடினவங்களா?"

"என்னை விட்டுப் போனவங்க. போன ஏப்ரல்ல மட்டும் பதினோரு பேர். பஸ்ல கூட்டிட்டுப் போய்த் தோத்துட்டு வர்றப்போ, பஸ்ஸுக்குள்ளயே ரெண்டு பேர் போர்ட்டல்ல பேரைப் போட்டுட்டாங்க. நான்தான் ஓட்டிட்டு இருந்தேன்." ஆர்லோ கையைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன், நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. உங்க பையன் முன்னேறுவானா?"

வெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? ஒவ்வொரு மாசமும் முன்னேறுவான். அப்படி ஒரு உழைப்பு."

"அப்ப வேண்டாம்."

"வேண்டாமா?"

"முன்னேறினா ஹார்லன் ஃபோர்க்ஸ்காரன் தூக்கிட்டுப் போயிடுவான். அவனுங்களுக்கு ஆள் வளத்துக் குடுத்தே எனக்கு முதுகு போச்சு. எனக்கு வேண்டியது, இன்னிக்கு எப்படி இருக்கானோ நாலு வருஷமும் அப்படியே இருக்கற பையன். கொஞ்சம் மந்தமா. முழங்கால்ல லேசா வலி இருந்தா இன்னும் விசேஷம்."

வெர்லின் மகனைப் பார்த்தார். அவனிடம் மந்தம் எதுவும் தென்படவில்லை. எழுந்து கிளம்பிவிட்டார்கள். வாசல் வரை போனதும் ஆர்லோ கூப்பிட்டார்.

"தம்பி, உன் வீடியோ பாத்தேன், மூணு தடவை. எறியறப்போ இடது முழங்கை வெளிய போகுது. உள்ள அடக்கிப் போடு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, சொல்லியிருக்கக் கூடாது."

ஆக, பெரிய இடத்தில் அவன் வளராத குறை. சின்ன இடத்தில் வளர்ந்துவிடுவான் என்கிற குறை. நடுவில் இடம் எதுவும் இல்லை. ஏப்ரல் வந்துவிட்டது. பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருந்த அம்மாள், கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் இணையதளத்தில் எந்தப் படிவம் கண்ணில் பட்டாலும் நிரப்பிவிடுங்கள், ஒன்றாவது பலிக்கும் என்றாள். வெர்லின் பட்டறைக் கணினியில் உட்கார்ந்து, கிடைத்த முதல் படிவத்தைத் திறந்தார்.

முதல் கேள்வி: இதுவரை ஏதேனும் கல்லூரியில் சேர்ந்ததுண்டா?

வெர்லின் யோசித்தார். அந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் கடைசி வருடத்தில் பள்ளி நேரத்திலேயே அருகிலுள்ள சமுதாயக் கல்லூரிக்குப் போய் ஒன்றிரண்டு பாடம் படித்துவிட்டு வருவார்கள். கோல்ட்டரும் செவ்வாய்க்கிழமைதோறும் பள்ளி வேனில் போய் வெல்டிங் கற்றுக்கொண்டிருந்தான். கல்லூரி அடையாள அட்டை கூட உண்டு, அதில் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். பொய் சொல்லக் கூடாது. 'ஆம்' என்று போட்டார்.

இரண்டாவது கேள்வி: அங்கேயே தொடர விருப்பமா?

மே மாதத்தோடு வெல்டிங் முடிகிறது. 'இல்லை' என்று போட்டார்.

"நன்றி. உங்கள் பெயர் போர்ட்டலில் சேர்க்கப்பட்டது" என்றது திரை. வெர்லின் பதிலுக்குத் திரையிடம் நன்றி சொன்னார்.

பதினோரு நிமிடத்தில் கைபேசி அடித்தது. அன்று மாலைக்குள் நாற்பத்து மூன்று பேர். வீடியோவின் ஒன்பது, நான்காயிரமாக ஏறியது. கல்லூரி அனுபவமுள்ள, ஆறடி எட்டங்குல ஆட்டக்காரன் ஒருவன் சந்தைக்கு வந்திருக்கிறான். யார் முதலில் பிடிப்பது என்று நாடெங்கும் அடிதடி. ஓக்லஹோமாவிலிருந்து பேசியவர், அந்த வெல்டிங் கல்லூரியின் தடுப்பாட்டத்தைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் டிரிப் கெஸிங்கர் கூப்பிட்டார்.

"வெர்லின், உங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. ஹார்லன் ஃபோர்க்ஸ் பொது மேலாளர் பேசறேன். உங்க பையன் வீடியோவை மூச்சு விடாம பாத்தேன். அனுபவம் கண்ணுலயே தெரியுது. ரெண்டு லட்சம் டாலர்."

"சார், நாம ஆகஸ்ட்ல பாத்தோமே—"

"ஆகஸ்ட்ல நான் ஆயிரம் பேரைப் பாத்தேன். பழைய கதை வேண்டாம். மூணு."

"அதில்லீங்க, அவன் இன்னும் பள்ளிக்—"

"யாரு கூடுதலா தர்றாங்க? நாலு."

"அவன் போனது வெல்டிங் கத்துக்கத்தான்—"

"பேரம் பேசத் தெரிஞ்ச ஆளுய்யா நீங்க. நாலரை. இதுக்கு மேல எங்கிட்ட இல்ல."

உண்மையைச் சொல்லச் சொல்ல விலை ஏறியது. நாலரையில் வெர்லின் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த மார்லா, "இன்னும் ஒரு தடவை உண்மையைச் சொல்லிப் பாத்திருக்கலாம்" என்றாள்.

அங்கெல்லாம் இதற்கு ஒரு சடங்கு இருக்கிறது. பள்ளி அரங்கில் மேஜை போட்டு, கேட்டு வந்த பல்கலைக்கழகங்களின் தொப்பிகளை வரிசையாக வைப்பார்கள். பையன் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்ததும் முடிந்தது. கல்யாணத்தில் முடிச்சுப் போட்ட மாதிரி. மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோல்ட்டரின் மேஜையில் மூன்று தொப்பிகள் இருந்தன. டிரிப் தாமே வந்திருந்தார். பள்ளி மொத்தமும் படிகளில் உட்கார்ந்திருந்தது. மார்லா பெரிய தட்டு நிறையப் புட்டிங் கொண்டு வந்திருந்தாள். கடைசி வரிசையில் ஆர்லோ ஸ்டக்கி. சுற்று வட்டாரத்தில் தொப்பிச் சடங்கு எங்கே நடந்தாலும் அவர் வந்துவிடுவார், பிற்காலத்தில் தன்னை விட்டுப் போகக்கூடியவர்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள.

"அப்பா, இது சரியா?" என்றான் கோல்ட்டர் மேடைக்குப் பின்னால்.

"நாம பொய் எதுவும் சொல்லலையேடா."

"அவர் கேட்டா நான் மறைக்க மாட்டேன்."

"மறைக்காதே. ஆனா அவர் கேட்டுத் தொலைக்கணுமே."

டிரிப் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இன்னிக்கு ஸ்கூல் பசங்க நெறைய பேர் வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். உங்களை நாங்க எடுக்க மாட்டோம். யாரும் தப்பா நினைக்கக் கூடாது, நீங்கதான் நாளைய தூண்கள். நாளைக்கு வாங்க. இன்னிக்கு எங்களுக்கு வேண்டியது கோல்ட்டர் மாதிரி பழுத்த ஆளு. கல்லூரி வாழ்க்கையோட மேடு பள்ளத்தைப் பாத்தவர். தான் படிச்ச பழைய பள்ளியை மறக்காம, இங்க வந்து தொப்பி வைக்கறார் பாருங்க, அதுதான் முதிர்ச்சி."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழுத்த ஆள் அன்று காலைதான் பள்ளிப் பேருந்தில் அவர்களோடு வந்திருந்தான். கோல்ட்டர் மெதுவாகக் கையை நீட்டி, பதினான்கு வயதிலிருந்து அவன் கனவில் வந்த அந்தப் பச்சைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். அரங்கம் அதிர்ந்தது. மார்லா அழுதாள். அப்போது பள்ளி மணி அடித்தது.

"கோல்ட்டர்" என்றார் படிகளிலிருந்து இறங்கி வந்த குடியியல் ஆசிரியை ஸ்ட்ரூபிள். "அஞ்சு நிமிஷத்துல பரீட்சை. தொப்பியைக் கழட்டிட்டு வா, வகுப்புல தொப்பி கூடாது."

"எந்தப் பரீட்சை?" என்றார் டிரிப்.

"குடியியல், சார். பன்னிரண்டாம் வகுப்பு."

"நீ… இங்கயா படிக்கிறே?"

"ஆமா சார். செவ்வாய்க்கிழமை மட்டும் வெல்டிங்குக்குப் போவேன். ஆகஸ்ட்ல உங்களை வந்து பாத்தேனே, பதினேழு வயசு ஒரு குறைன்னு சொன்னீங்க. இப்ப பதினெட்டு ஆயிடுச்சு."

டிரிப் இரண்டு எட்டு வைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் தலையிலிருந்து தொப்பியை எடுத்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பள்ளி மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. கோல்ட்டரின் காது சிவந்தது. நான்கு வருடம் கட்டிக் காத்த வாக்கு அந்தத் தொப்பியோடு கக்கத்தில் கசங்குவதை வெர்லினால் பார்க்க முடியவில்லை.

"அதே வீடியோதானே சார்?" என்றார். "அதே பந்து, அதே கூடை. உள்ள விழுந்ததும் அதேதான். இப்ப என்ன மாறிப் போச்சு?"

"நாங்க பந்தைப் பாத்து ஆள் எடுக்கறதில்ல, வெர்லின்" என்றார் டிரிப் பொறுமையாக. ஒலிபெருக்கி இன்னும் அணையவில்லை. "எடுத்திருந்தா அன்னிக்கே எடுத்திருக்க மாட்டோமா?"

செய்தி எப்படிப் பரவியதோ, ஏழு நிமிடத்துக்குள் மற்ற இரண்டு பல்கலைக்கழகங்களும் பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து தங்கள் தொப்பிகளைத் தபாலில் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டன. தபால் செலவு பள்ளியைச் சேர்ந்தது. மேஜை காலியானது. ஸ்ட்ரூபிள் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அவசரமில்ல, பத்து நிமிஷம் கழிச்சு வா" என்று மெல்லச் சொன்னார்.

கடைசி வரிசையிலிருந்து ஆர்லோ இறங்கி வந்தார்.

"தம்பி, முழங்கையை உள்ள அடக்கிப் போட்டுப் பாத்தியா?"

"போட்டேன் சார். நூத்துக்கு எம்பது விழுது."

"அடப்பாவி." ஆர்லோ பெருமூச்சு விட்டார். "உண்மையைச் சொல்லு. நீ முன்னேறுவியா?"

ஒரு 'இல்லை' போதும். அரங்கமே அவன் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சியது. வெர்லினும்தான்.

"முன்னேறுவேன் சார்."

"எத்தனை வருஷம் எங்கிட்ட இருப்பே?"

"தெரியல சார். ஆனா போறதா இருந்தா உங்க முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுப் போவேன்."

ஆர்லோ, "அந்த மாதிரி ஒருத்தன் கூட இதுவரைக்கும் போனதில்ல" என்று சொல்லி, வியர்வையில் நிறம் போன தன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோல்ட்டர் அதை எடுத்து வைத்துக்கொண்டான். கைதட்டல் முன்பை விடச் சத்தமாக இருந்தது. பிறகு தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பரீட்சைக்கு ஓடினான்.

கூட்டம் கலைந்தது. டிரிப் போகவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டே புட்டிங் மேஜைக்கு வந்தார். மார்லா முன்பே ஒரு துண்டு எடுத்து வைத்திருந்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, வெர்லின்? நான் அன்னிக்கே சொன்ன யோசனைதான். சின்ன காலேஜ், ரெண்டு வருஷம். குறிச்சு வச்சுக்கிட்டேன். விளைஞ்சதும் வந்துடறேன். என்ன இருந்தாலும் நாம குடும்பம்" என்றபடி கரண்டியைப் புட்டிங்கில் வைத்தார்.

வெர்லின் அவர் கையிலிருந்து தட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க சார். எங்க வீட்டுப் புட்டிங்குக்கு அனுபவமுள்ளவங்களைத்தான் எடுக்கறோம். நீங்க முதல்ல வேற எங்கயாவது போய் ரெண்டு வருஷம் சாப்பிட்டுப் பழகிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

டிரிப் வெறும் கரண்டியோடு நின்றார். அந்தத் துண்டை ஆர்லோ ஸ்டக்கி சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.